நாடாவுக்கு அடியில் ஈரம்

அக்டோபர் 23, வியாழன்

எவ்வளவு ஈரம் இருந்தால் தோலில் பூஞ்சை பிடிக்கும்? இன்று லேபில் வினோதினி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பூஞ்சைகளைப் பற்றித்தான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினேன், இந்தக் கல்லூரியில் தாவரவியல் நடத்தியே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் ஓர் எண்ணைச் சொல்ல முடியவில்லை.

"போன்ல ஈரப்பதம் தொண்ணூறுனு காட்டுது மேடம். அப்போ திருவண்ணாமலையில எல்லாருக்கும் படர்தாமரை வந்திருக்கணுமே?"

நல்ல கேள்வி. ஊரின் ஈரம் வேறு, தோலின் ஈரம் வேறு என்றேன். கால்விரல் இடுக்குக்கு ஒரு வானிலை, அக்குளுக்கு ஒரு வானிலை, பாவாடை நாடா இறுக்கும் இடத்துக்கு இன்னொரு வானிலை. வெளியே சித்திரை வெயில் அடித்தாலும் அங்கே ஐப்பசிதான். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வகுப்பில் சொறியக் கூடாது.

வினோதினியின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் இதுவே என்று முடிவாயிற்று. மூடி போட்ட மூன்று கண்ணாடி ஜாடி. ஒன்றின் அடியில் வெறும் தண்ணீர். ஒன்றில் கரையாமல் மிஞ்சும் அளவு உப்புப் போட்ட தண்ணீர். அது காற்றின் ஈரத்தை முக்கால் அளவில் நிறுத்தி வைக்கும். ஒன்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா. உள்ளே குக்கரில் அவித்த தலைமுடியும் நகத்துண்டும், அவற்றின் மேல் ஆட்டுப்பட்டி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையின் வித்துகள். எது முளைக்கிறது என்று பார்ப்போம்.

இரவுச் சாப்பாட்டின்போது சரோஜா கேட்டாள், "ஜாடில மயிரு போட்டு ஊற வெக்கிறீங்களாமே மேடம்? சாம்பார்ல ஒண்ணு கெடந்தா மட்டும் என்னைத் திட்றீங்க." மெஸ் முழுக்கச் சிரிப்பு. இந்த ஹாஸ்டலில் சமையல் அவள் ஒருத்திதான். அவள் பேசுவதால்தான் பெண்கள் இரண்டாவது தடவை சோறு கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன். வார்டனாகிய நான் பேசி யாரும் கேட்டதில்லை.

அவள் மகள் பொன்னிக்கு ஐப்பசி கடைசி ஞாயிறு வளைகாப்பாம். "நீங்க கண்டிப்பா வரணும். சம்மந்தி வூட்ல என்னை யாருன்னு தெரிஞ்சிக்கட்டும்."

வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. மூன்றாவது நாளாகத் துணி காயவில்லை.

அக்டோபர் 25, சனி

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். எனக்கு ஆடியிலிருந்து இருக்கிறது. நாடா கட்டும் இடத்தில் காசு அளவில் ஒரு வட்டமாகத் தொடங்கியது. இப்போது இடுப்பைச் சுற்றி வந்து, தொடையிடுக்குக்கும் இறங்கிவிட்டது. என்னவென்று பார்த்தவுடனே தெரியும். விளிம்பு சிவந்து தடித்து, நடுவில் வெளுத்து — பாடப்புத்தகத்தில் இருக்கும் படம்.

தோல் டாக்டரிடம் போகவில்லை. ஏன்? என் கணவர் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம். கணவன் ஊரில் இல்லாத ஒருத்திக்கு அந்த இடத்தில் ஒன்று என்றால் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும் என்று வேறு யாருக்கோ நான் அறிவுரை சொல்லியிருப்பேன். தோல் நோய் செய்த பாவத்தின் கூலி என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். நம்பாதவளுக்கும் வெட்கம் வருகிறது.

சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் வாங்கிய ட்யூபைத் தடவி வந்தேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும், நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வரும். ஸ்டீராய்டு கலந்தது. தோலின் எதிர்ப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சைக்கு வழிவிடும். ட்யூபின் மேல் அச்சடித்த பட்டியலில் அதன் பெயரைப் படித்துவிட்டுத்தான் தடவினேன்.

அது தீர்ந்துவிட்டது. இன்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம், என்னைத் தெரியாத மெடிக்கலாகப் பார்த்துப் போனேன். குடை பிடித்தபடி நாலைந்து பேர் நின்றார்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் ட்யூபை எடுத்துக்கொண்டே, "யாருக்கு மேடம்?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

"எங்க ஹாஸ்டல்ல சமைக்கிற அம்மாவுக்கு."

எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம்? யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக இருந்ததுபோல வந்தது.

"கையிலயா?"

"இடுப்புல."

"ஈரத்துணி கட்டாதீங்கனு சொல்லுங்க மேடம் அந்தம்மாகிட்ட."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

வினோதினி இன்று நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றிருந்தாள். "உள்ளாடைகளை மொட்டைமாடிக் கொடியில் காயப்போடக் கூடாது — வார்டன்." என் கையெழுத்து.

போன வருடம் கல்லூரிச் செயலாளர் சொன்னது. "பௌர்ணமிக்கு லட்சம் பேரு சுத்திவர்ற ரோடு மேடம் இது. சாமி கும்பிட வர்றவங்க தலைக்கு மேல இதெல்லாமா தொங்கணும்?" நான் மறுக்கவில்லை. எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்து பெண்கள் கட்டிலுக்கு அடியில் கயிறு கட்டி, அதன் மேல் நைட்டியைப் போர்த்திக் காயப்போடுகிறார்கள். காய்வதில்லை. அரை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். வெயிலும் காற்றும் படாத துணி, அதற்குமேல் இறுக்கமான லெக்கின்ஸ். ஜாடிக்குள் நாங்கள் செய்வதும் அதுதானே.

நான் மட்டும்? பீரோவுக்குப் பின்னால், துண்டுக்கு அடியில்.

அக்டோபர் 30, வியாழன்

மெடிக்கல் இளைஞனின் பெயர் அருள்ராஜ். வினோதினியின் அண்ணன். தங்கையைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறான், நான்தான் அவனைக் கவனித்ததில்லை. ஊர் போளூர்ப் பக்கம், இங்கே ரூம் எடுத்துத் தங்கி வேலை செய்கிறானாம். தங்கையிடம் அக்கறையாகத்தான் சொல்லியிருக்கிறான், "உங்க சமையல்காரம்மாவுக்குப் படர்தாமரை, நீ கொஞ்சம் ஜாக்கிரதையா இரு" என்று.

காலையில் இட்லித் தட்டை சரோஜா நீட்டியபோது முதல் பெண் வாங்காமல் நின்றாள். பின்னால் நின்றவர்களும். சரோஜா, "இன்னாடி, இட்லி கல்லு மாதிரி இருக்குதுனு வேண்டிக்கினு வந்தீங்களா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிரெட் பாக்கெட் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

நான் தூணருகில் நின்றிருந்தேன். காபி டம்ளர் கையில் இருந்தது.

நவம்பர் 1, சனி

செயலாளர் போனில்: "விசாரிச்சுக்கினு இருக்காதீங்க மேடம். பேரன்ட்ஸ் போன் பண்றாங்க. கொஞ்ச நாளைக்கு அந்தம்மாவ கிச்சன் பக்கம் விடாதீங்க."

சரோஜாவை என் அறைக்குக் கூப்பிட்டேன். சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். அவள் எனக்கு முன்னால் பேசிவிட்டாள்.

"யாரு மேடம் கெளப்பி விட்டது? எனக்கு ஒரு சொறி செரங்கு கெடயாது. கதவ சாத்துங்க. நீங்க படிச்சவங்க, பொம்பள. நீங்களே பாத்து சொல்லிடுங்க."

வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கொசுவத்தைத் தளர்த்தினாள். நாடா அழுத்திய கறுத்த தடம் இடுப்பைச் சுற்றி. அதைத் தவிர ஒன்றுமில்லை. சுத்தமான தோல். அவள் திரும்பி நின்று முதுகையும் காட்டினாள். ஜன்னல் வெளிச்சம் போதாதென்று நகர்ந்து நின்றாள்.

அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் இடுப்பு எரிந்தது.

"ஒண்ணுமில்ல சரோஜா."

"அதான சொல்றேன். அதை வெளியில வந்து சொல்லுங்க."

போனேன். மெஸ்ஸில் பெண்களைக் கூட்டி, நானே பார்த்துவிட்டேன், சரோஜாவுக்கு எதுவும் இல்லை என்றேன். அவள் பின்னால் நிமிர்ந்து நின்றாள். வினோதினி கையைத் தூக்கினாள். லேபில் கேள்வி கேட்பாளே, அதே மாதிரி. அவளுக்கு யாரையும் குத்தும் எண்ணம் இல்லை.

"அப்போ அந்த மருந்து யாருக்கு மேடம்?"

என்ன செய்தேன்? இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பேனாவை மூடிப் பார்த்தேன்.

"அது அப்போ இருந்தது. இப்போ சரியாயிடுச்சி."

சொன்னது நான். நானேதான்.

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எப்போ மேடம் இருந்துச்சி?" நான் பெண்களைப் படிக்கப் போகச் சொன்னேன். அவளிடம், கார்த்திகை வரைக்கும் லீவு எடுத்துக்குங்க, சம்பளம் வரும் என்றேன்.

"சம்பளத்த யாரு கேட்டா?" கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 2, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. மதியத்திலிருந்தே ரோடு நிறைந்துவிட்டது. மழையிலும் நடக்கிறார்கள், நனைந்த வேட்டியோடும் புடவையோடும். மாடியிலிருந்து பார்த்தேன். இவர்களில் யாரும் தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை. எதிரே மலையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் காலுக்குக் கீழே சேற்றைப் பார்ப்பார்கள். எங்கள் கொடியில் எது தொங்கினால் இவர்களுக்கு என்ன?

ஜாடி முடிவு: தண்ணீர் ஜாடியில் முடியைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படர்ந்துவிட்டது. உப்பு ஜாடியில் ஒன்றுமில்லை. சிலிக்காவிலும் இல்லை. "அப்போ முக்கால் ஈரம் பத்தாது மேடம், ஏறக்குறைய முழு ஈரம் வேணும்" என்றாள் வினோதினி. கண்ணில் அத்தனை சந்தோஷம். சிலிக்கா ஜாடியில் இருந்ததை எடுத்துப் புதிதாக ஒரு தண்ணீர் ஜாடிக்கு மாற்றச் சொன்னேன்.

வெளியாள் ஒருத்தி சமைக்கிறாள். பெண்கள் ஒரு தடவைதான் சோறு வாங்குகிறார்கள்.

நவம்பர் 8, சனி

வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். என்னைவிடச் சின்னப் பெண். பார்த்துவிட்டு, "எவ்ளோ நாளா இந்த க்ரீம்?" என்றாள். சொன்னேன். "என்ன வேலை பாக்கறீங்கம்மா?" என்றாள். ஆசிரியை என்று மட்டும் சொன்னேன். என்ன பாடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பொய் சொல்லியிருப்பேன்.

க்ரீமை நிறுத்தணும். நிறுத்தியவுடன் ஜாஸ்தியாகும், பயப்படக் கூடாது. மாத்திரை. பல வாரம். நாடாவை இறுக்காமல் இடம் மாற்றிக் கட்டணும். சோப்பும் துண்டும் தனி. "துணி எங்க காயப் போடறீங்க?"

"உள்ளதான்."

"வெயில்ல போடுங்கம்மா. இதுல என்ன வெக்கம்?"

பஸ்ஸில் கணியம்பாடி வரும்வரை அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான்.

நவம்பர் 11, செவ்வாய்

சிலிக்காவில் கிடந்த வித்துகளும் முளைத்துவிட்டன. சாகவில்லை, ஈரம் வரும்வரை கிடந்திருக்கின்றன. வினோதினி குறிப்பில் எழுதினாள்: "துணியை நிழலில் உலர்த்தினால் மட்டும் பூஞ்சை சாகாது, நன்றாக வெயில் பட வேண்டும்." எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நோட்டீஸைப் பற்றித்தான் கேட்க நினைக்கிறாள், கேட்கவில்லை.

சாயங்காலம் அந்த நோட்டீஸைக் கிழித்தேன். செயலாளர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மட்டும் தைரியம் இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

சரோஜா வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அவள் மருமகன் முருகவேல் ஆட்டோ ஓட்டுகிறவன். சனிக்கிழமைகளில் எங்கள் பெண்களைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறவன் அவன்தான். ஆட்டோவில் அவர்கள் பேசியது அவன் காதில் விழுந்து, அவன் அம்மா ஜோதியம்மாளுக்குப் போயிருக்கிறது. ஜோதியம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள்: சம்பந்தி ஞாயிற்றுக்கிழமை வரலாம், சாப்பிடலாம். பொன்னியைத் தொடக் கூடாது. சந்தனம் பூசவோ வளையல் போடவோ வேண்டாம். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்.

"ஒரே பொண்ணு மேடம். எம் பொண்ணுக்கு நான் வளையல் போடக்கூடாதாம். சீர் தட்டு எடுத்துக்கினு போயி, ஓரமா நின்னு பாத்துட்டு வரணுமாம்." அழவில்லை. "வார்டனே சொன்னாங்களாமேனு கேக்குறாங்க. இருந்துச்சி, சரியாயிடுச்சினு நீங்கதான சொன்னீங்க? ஏன் மேடம் அப்டி சொன்னீங்க? எதோ ஞாபகத்துல சொல்லிட்டீங்களா?"

எனக்கு ஒரு வழியை அவளே திறந்துவிட்டாள். ஆமாம் என்றேன். ஞாபகப் பிசகு என்றேன்.

"அப்போ நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. படிச்சவங்க சொன்னா கேப்பாங்க."

வருகிறேன் என்றேன்.

மூன்று பொய். மெடிக்கலில் ஒன்று, மெஸ்ஸில் ஒன்று, இன்று கேட்டில் ஒன்று. இத்தனையும் அவள் ஒருத்தி பேரில்.

நவம்பர் 15, சனி

நாளைக்கு என்ன சொல்வது?

சரோஜாவைப் பரிசோதித்தேன், நோய் இல்லை என்று சொல்லலாம். மருந்து யாருக்கு என்று அவர்களும் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்வார்கள். வேறு யாருக்கோ என்று சொல்லலாம். யாருக்கு? இன்னொரு சரோஜாவைத் தேட வேண்டும்.

விஞ்ஞானமாகச் சொல்லலாம். இது தொற்றுவது எப்படி, ஈரம் என்ன செய்யும், மழைக்காலத்தில் யாருக்கும் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாகச் சொல்வேன். ஒரு மணி நேரம்கூடச் சொல்வேன். அதில் நான் எங்கே இருக்கிறேன்? எங்கேயும் இல்லை.

ஜோதியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டால்? வந்திருக்கும் பெண்கள் எல்லோரும் சரோஜாவைத்தானே பார்ப்பார்கள். ஊர் முன்னால் போட்டதை ஊர் முன்னால்தானே எடுக்கணும்.

எனக்குத் தைரியம் வராது. எனக்கு என்னைத் தெரியும். காய்ச்சல் என்று போன் பண்ணிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

போன் பண்ணவில்லை. போனேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், இன்னும் வெள்ளையடிக்காத புது வீடு. கூடம் கொள்ளாமல் பெண்கள். பொன்னி பச்சைப் பட்டில் மணையில் உட்கார்ந்திருந்தாள். சரோஜா சமையல்கட்டு வாசலில், எலுமிச்சைச் சாதக் குண்டானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த நம்பிக்கையைப் பார்க்க முடியவில்லை.

ஜோதியம்மாள் வாசலுக்கே வந்தாள். "வாங்க டீச்சர், வாங்க. காலேஜி டீச்சர் எங்க வூட்டுக்கு வந்திருக்காங்க, பாருங்க." நான் யோசித்து வைத்த எதற்கும் இடம் தரவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போய் மணைக்கு முன்னால் நிறுத்தினாள். சந்தனக் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "நீங்களே மொதல்ல வெச்சி ஆரம்பிச்சி வைங்க."

பொன்னி கன்னத்தைக் காட்டினாள்.

"இருங்கம்மா," என்றேன். "சரோஜாவுக்கு எந்த வியாதியும் இல்லீங்க. எப்பவும் இருந்ததில்ல. எனக்குத்தான். மருந்து எனக்குத்தான் வாங்கினேன். கடையில வெக்கப்பட்டுக்கினு அவங்கள சொல்லிட்டேன். அப்புறம் புள்ளைங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன். முந்தாநாள்கூட அவங்ககிட்டயே பொய் சொன்னேன்."

இவ்வளவுதான். ஈரம் பூஞ்சை எதுவும் வாயில் வரவில்லை.

யாரோ ஒருத்தி "அய்ய" என்றாள். ஒரு குழந்தை ஊதுகுழல் ஊதிக்கொண்டிருந்தது, அதன் கையிலிருந்து பிடுங்கினார்கள்.

"படிச்சவங்க, நீங்களே இப்டி பண்லாமா டீச்சர்?" ஜோதியம்மாள் கத்தவில்லை.

"பண்ணக் கூடாதுங்க."

அவள் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. புதிதாகக் கரைத்த சந்தனத்தோடு வேறொரு கிண்ணம் வந்தது. "சம்மந்தி, கைய தொடச்சிக்கினு வாங்க. நேரம் போவுது." மன்னிப்பு மாதிரி வேறு எதுவும் சொல்லவில்லை.

சரோஜா வந்தாள். என்னைக் கடந்து போகும்போது நின்று ஒரு முறை பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். பிறகு மகளுக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினாள், கையிலும் பூசினாள், கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். பொன்னி அழுதாள். சரோஜா, "மை கலையுதுடி, மூஞ்சி பூதம் மாதிரி ஆவுது பாரு" என்று அதட்டினாள். கூடத்தில் சிரிப்பு திரும்பி வந்தது.

எல்லோரும் முறை வைத்துப் பூசினார்கள். என் முறை வந்தபோது ஜோதியம்மாள் மரியாதையாகத்தான் சொன்னாள், "நீங்க அட்சதை மட்டும் போடுங்க டீச்சர்." நின்ற இடத்திலிருந்து போட்டேன். சரி என்றுதான் பட்டது.

கிளம்பப் பார்த்தேன். சரோஜா வந்து, "சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள். மேடம் என்று சொல்லவில்லை. கடைசி இலையில் உட்கார்ந்தேன். பக்கத்து இலை காலியாகவே இருந்தது. எனக்கு அவளேதான் பரிமாறினாள், புளிச்சாதம், எலுமிச்சை, தேங்காய், எதையும் குறைக்கவில்லை.

"நாளைக்கு வந்துடுங்க சரோஜா. காலையில மெஸ்ல எல்லார் முன்னாலயும் இதையே சொல்லிட்றேன்."

"சொல்லுங்க," என்றாள். தயிர்ச்சாதத்தை இலையில் வைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் நடுவில் ஒரு குழி பண்ணினாள். "சமையலுக்கு வேற ஆள பாத்துக்குங்க."

அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.